கனகசபாபதி அரிசித்தாளை வென்ற படலம்

வாழ்க, உரும்பிராய்ப் பதியுறை உத்தமன்! அரசாங்கக் கச்சேரிக் கோப்புகளைக் கட்டியாண்ட கரத்தன், ஒரு கையொப்பத்துக்காக ஊரையே மூன்று முறை வரவழைத்த தலைமை எழுதுவினைஞன், மணமான முப்பத்தாறு ஆண்டுகளில் ஒருநாளும் ஒருவேளையும் தவறாமல் உண்டவன், உண்ட சோற்றுக்கோப்பையை இருந்த இடத்திலேயே விட்டெழும் பெருந்தன்மையன், தேத்தண்ணியின் சூட்டை உதட்டால் அறிந்தவனேயன்றி அடுப்பால் அறியாதவன், ஓய்வூதியம் பெற்றும் ஓயாத வாயினன், கனகசபாபதி என்னும் காவலன் வாழ்க! அவன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பட்ட பாட்டையும், அதன்பின் ஒரு மேசையருகே நின்று, ஊதினால் பறக்கும் அரிசித்தாள் ஒன்றோடு பொருத பெரும்போரையும் பாடப் புகுகின்றேன்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுவது முறை. அந்தக் கனகசபாபதி நான்தான். தன் புகழைத் தானே பாடுவது அழகன்று என்று சிறுவயதில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகையால் படர்க்கையில் பாடுகிறேன். வேறு யாரும் பாட முன்வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

மோதகம் விரும்பும் மூத்த பிள்ளையே, ஐங்கரத்து ஆனைமுகனே, அந்த மோதகத்தை அவிப்பவர் யாரென்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த ஒற்றுமையை எண்ணி என் எழுத்துக்குத் துணை நில்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். கனகசபாபதியின் மனையரசி, அடுக்களைப் பேரரசி, தாளித வாசத்தால் தெருவை நிறுத்தும் மகாதேவி, ரொறன்ரோ மாநகரில் தலைப்பிள்ளையைச் சுமந்திருக்கும் மகள் நிவேதனாவின் பேறு பார்க்க ஐந்து மாதம் வான்வழி ஏக முடிவு செய்தாள். பயணச்சீட்டு வந்தது. விசா வந்தது. குளிருக்கு மேற்சட்டை வந்தது. எஞ்சியது ஒரே கேள்வி: இந்த மனிதனை எங்கே விடுவது?

அரியாலையில் விடலாம் என்றாள் மகாதேவி. கேட்ட மாத்திரத்தில் நாயகனின் நாடி தளர்ந்தது. ஏனெனில் அரியாலையில் வசிப்பவர் அவளுடைய மூத்த தமையனார் இராசநாயகம். பிறசர் என்னும் இரத்த அழுத்தம் காரணமாக உப்பைத் துறந்த முனிவர் அவர். தாம் துறந்ததோடு அமையாது, தம் கூரையின்கீழ் உண்ணும் எவர் வாய்க்கும் உப்பை விலக்கியவர். விருந்தாளியை நாலரை மணிக்கு எழுப்பிக் கடனீரேரிக் கரையோரம் நடக்க வைத்து, நடக்கும்போதே தாம் பத்திரிகைகளுக்கு எழுதி அவை பிரசுரிக்காத கடிதங்களை ஒன்றுவிடாமல் சொல்லிக் காட்டுபவர். அங்கே ஐந்து மாதம் என்றால் நூற்றைம்பது நடை, நூற்றைம்பது கடிதம், நானூற்றைம்பது வேளை உப்பில்லாச் சோறு.

எழுந்தான் கனகசபாபதி. சாரத்தை இறுக்கினான். வேப்பமரத்துக் காகம் அஞ்சிப் பறக்க, பக்கத்து வீட்டு நாய் குரைப்பை நிறுத்த, முழங்கினான்:

"நான் ஒருத்தற்றை வீட்டுக்கும் போகமாட்டன்! என்ரை வீட்டிலை, என்ரை கையாலை சமைச்சுச் சாப்பிடுவன்!"

"நீங்களோ?" என்றாள் மகாதேவி.

அவ்வளவுதான் சொன்னாள். முப்பத்தாறு வருடச் சான்றுகள் அந்த ஒரு சொல்லில் இருந்தன.

மனைவியிடமே பழகலாமே என்பீர்கள். பழகினான். அந்தக் கல்வி முதல்நாள் வெங்காயத்தோடு முடிந்தது. வெங்காயத்தை எப்படி வெட்டுவதென்று அவள் சொன்னாள். அதைவிட ஒழுங்கான முறை ஒன்று இருக்கவேண்டுமே என்று அவன் சொன்னான். கத்தியை வைத்துவிட்டு இருவரும் இரண்டு நாள் பேசவில்லை. இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுச் சலித்த நிவேதனா, திரையைத் தட்டித் தேடி ஒரு வழி கண்டாள். திருநெல்வேலியில், மயூரதன் என்னும் எங்களூர்ப் பொறியியலாளரைக் கைப்பிடித்து வந்த லான் என்னும் வியட்நாம் நங்கை, ஊர் பார்க்க வரும் வெளிநாட்டவரைக் காலையில் சந்தைக்கு அழைத்துச் சென்று, பிறகு தன் வீட்டில் அரிசித்தாளில் சுருள் சுற்றும் வியட்நாம் சமையல் பழக்குகிறாள். அதில் தந்தைக்கு ஓர் இடம் பதிவானது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு விருந்தினரைக் கூப்பிடலாம் என்ற சலுகையும் உண்டு.

மகாதேவி தீர்ப்பு விதியை வகுத்தாள்: "மத்தியானம் நான் வருவன். நீங்கள் சுத்தின சுருள் ஒண்டு, ஒண்டே ஒண்டு, உடையாமல் என்ரை கோப்பைக்கு வரவேணும். வந்தால் வீட்டிலை இருங்கோ. உடைஞ்சால் அண்ணை வீடு."

ஆகவே, ஏதோ உல்லாசப் பயணியின் பொழுதுபோக்கு என்று இதனை இகழற்க. உப்புக்காக நடந்த போர் இது.

போர்க்கோலம் பூண்டான் நாயகன். கோடுபோட்ட சேட்டு, மினுக்கிய சப்பாத்து, காதோரம் கறுப்புச் சாயம். எனினும் உண்மையான ஆயுதம் வேறு. யாழ்ப்பாணத்தான் கடல் கடந்தால் பெட்டியில் முதலில் ஏறுவது கடவுச்சீட்டன்று, மிளகாய்த்தூள். வறுத்து இடித்த வீட்டுத் தூள் பையில் இருந்தால் எந்தத் தேசத்துச் சாப்பாட்டையும் வழிக்குக் கொண்டுவரலாம் என்பது எம்மவர் நம்பிக்கை. வியட்நாம் நாலு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது என்பதற்காக அந்த வழக்கத்தைக் கைவிட முடியுமா? மகாதேவி பூப்பறிக்க முற்றத்துக்குப் போன சமயம் பார்த்து, கள்வன்போல் அடுக்களை புகுந்து, நீலமூடிப் போத்திலைத் திறந்து, நாலு கரண்டித் தூளைப் பத்திரிகைத் தாளில் மடித்துச் சேட்டுப் பையில் செருகினான். பிறகு பலாலி வீதியில் பஸ் ஏறி, யன்னலோரம் அமர்ந்து, இருபது நிமிடத்தில் தூரதேசம் சேர்ந்தான்.

சந்தை வாசலில் படை திரண்டிருந்தது. படையென்றால் மூன்று பேர்: டீற்றர் என்னும் ஜேர்மானிய நெடியோன், அவனுடைய மனைவி, நம் நாயகன். லான் ஒவ்வொருவருக்கும் தாமரைப்பூப் போட்ட ஏப்ரனும் வியட்நாமியக் கூம்புத் தொப்பியும் தந்தாள். கனகசபாபதி தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டான். தான் கிழமைக்கு மூன்று முறை மரக்கறி வாங்கும் சந்தைக்குள் உல்லாசப் பயணியாக நுழைவதை ஒருவரும் கண்டுவிடக்கூடாது என்பது அவன் எண்ணம். அந்தத் தொப்பி ஒன்றே போதும், சந்தை முழுதும் திரும்பிப் பார்த்தது.

"இது வாழைப்பொத்தி. இது வல்லாரை. எங்கடை ஊரிலையும் இது ரெண்டும் இருக்கு," என்று ஆங்கிலத்திலும், நாயகனுக்காக மாமியாரிடம் பழகிய தமிழிலுமாக விளக்கிக்கொண்டு போனாள் லான். வல்லாரையை ஒரு வியட்நாம்காரி தனக்குக் காட்டித் தருவதா! மானம் கிளர்ந்தது. தொப்பியைச் சற்று உயர்த்தி, டீற்றரை நோக்கி, கச்சேரி ஆங்கிலத்தில் பிரகடனம் செய்தான்: இச்சந்தையில் முப்பத்தாறு வருடம் மரக்கறி தெரிந்தெடுத்தவன் நான், என் கண்ணுக்குத் தப்பிய கத்தரிக்காய் கிடையாது, வெண்டிக்காயை நுனி முறித்தும், பயிற்றங்காயை வளைத்தும், முருங்கைக்காயை முறுக்கியும் அதன் குலம் கோத்திரம் சொல்லவல்லேன், என்னை ஏமாற்றிய வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. ஜேர்மானியர் வியந்தனர். டீற்றரின் மனைவி படம் பிடித்தாள்.

விதி அப்போது மரக்கறி வியாபாரி பொன்னம்பலத்தின் வடிவில் நிமிர்ந்தது.

"ஐயா! உதென்ன கோலம்?" என்றார் பொன்னம்பலம். பிறகு, கவலையோடு: "அக்கா இண்டைக்குப் போன் எடுக்கேல்லையே. நான் என்னத்தைப் போட்டுவிடுறது?"

"எந்த அக்கா?"

"எங்கடை மகாதேவி அக்காதான். நீங்கள் வீட்டாலை வெளிக்கிட்ட உடனை எடுப்பா. 'அவர் வாறார் தம்பி, முத்தலாப் பாத்துத்தான் தூக்குவார். அவர் தெரிஞ்சதை வாங்கிப் பின்னாலை போட்டிட்டு நல்லதாப் பையுக்கை போட்டு விடு' எண்டு சொல்லுவா." சற்று நிறுத்தி, ஆறுதலாகச் சேர்த்தார்: "கனகாலமா உப்பிடித்தான் ஐயா."

சந்தை சுழன்றது. முறித்த வெண்டிக்காய்கள், வளைத்த பயிற்றங்காய்கள், முறுக்கிய முருங்கைக்காய்கள் எல்லாம் நாயகனின் கண்முன் ஊர்வலம் போயின. என்ன அருமையான கத்தரிக்காய் கொண்டுவந்தேன் பார் என்று ஒவ்வொரு மத்தியானமும் அவன் சொன்னபோது, ஓம் என்று தலையசைத்தபடி சோறு போட்டவள் மகாதேவி. ஒருநாளாவது சிரித்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை என்பதுதான் அவனை உள்ளே குத்தியது.

லான் எல்லாவற்றையும் நேர்மையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். டீற்றர் அவன் தோளில் தட்டினான். பின்பு லான் இரண்டு கட்டு வல்லாரையைக் காட்டி, நல்லதைத் தெரிந்தெடுக்கச் சொன்னாள். கனகசபாபதி இரண்டையும் மணந்து, உதறி, வெயிலில் பிடித்துப் பார்த்து, இடக்கைக் கட்டைத் தெரிந்தெடுத்தான். பொன்னம்பலம் அதை மரியாதையோடு வாங்கிப் பின்னால் போட்டுவிட்டு மற்றதைப் பையில் போட்டார்.

இனிப் போர்க்களம். லானின் வீட்டு விறாந்தையில் நீண்ட மேசை. மேசைமேல், அவித்த இறால், அவித்த அரிசி நூடில்ஸ், கழுவிய வல்லாரை, சீவிய கரட், வெள்ளரி, வாழைப்பொத்தி. தீயோடு சம்பந்தப்பட்ட வேலைகளை எல்லாம் லான் விடியலிலேயே முடித்துவிட்டாள். இதை வாசகர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது, நாயகன் வைத்துக்கொள்ளவில்லை. நடுவிலே பகைவன்: வட்டவடிவினன், வெண்ணிறத்தன், எதிர்ப்புறம் தெரியும் மெல்லுடலன், பார்வைக்குப் பொரிக்காத அப்பளம் போன்றவன், அரிசித்தாள் என்னும் அசுரன். அவனை நீரில் நனைத்து, பரப்பி, உள்ளே இறாலும் இலையும் வைத்து, பாய் சுற்றுவதுபோல் சுற்றவேண்டும். ஆளுக்கு ஐந்து தாள்.

முதற்றாளை நீரில் இட்டான் கனகசபாபதி. இட்டவன், தொண்ணூறுகளில் கச்சேரியில் தான் ஒரு கோப்பைத் தேடிக் கண்டுபிடித்த வரலாற்றை டீற்றருக்குச் சொல்லத் தொடங்கினான். கோப்பு கிடைக்கும் கட்டத்தில் தாள் கரைந்து, பசையாகி, பத்து விரல்களையும் ஒன்றாகப் பிணித்தது. இரண்டாம் தாளை எச்சரிக்கையோடு தொட்டதும் எடுத்தான். அது நனையாமல் நடுவே வெடித்தது. மூன்றாம் தாளுக்கு எங்கள் விருந்தோம்பல் எமனானது. வந்தவரை வயிறு முட்ட அனுப்பும் குலத்திற் பிறந்தவன், தாளையும் அவ்விதமே அனுப்ப எண்ணி ஆறு இறாலும் ஒரு பிடி நூடில்சும் அடைத்தான். தாள் மூச்சுவிட முடியாமல் முதுகு பிளந்து மாண்டது. நான்காம் தாள் அழகாகச் சுருண்டது. சுருண்ட மகிழ்ச்சியில் அவன் அதை ஒரு அமத்து அமத்த, முன்வாசலால் இறால் ஒன்று பாய்ந்து ஜேர்மானிய நங்கையின் மடியில் விழுந்து சரணடைந்தது. அவள் முன்னே பத்துச் சுருள்கள், அச்சில் வார்த்தாற்போல் அடுக்கியிருந்தன; தன் கணவனுக்கும் அவளே சுற்றிக் கொடுத்திருந்தாள். டீற்றரைப் பார்த்த கனகசபாபதிக்குச் சந்தோஷம் வந்தது. ஆண்குலம் எங்கும் ஒன்றுதான்.

சோர்ந்த வீரன் தொட்டுத் தின்னும் தண்ணிச்சம்பலைச் சுவைத்தான். மீனூறல் என்னும் மீன்சாறு, தேசிப்புளி, சீனி, இரண்டு துண்டு மிளகாய். புளிப்புண்டு, இனிப்புண்டு, ஒரு வேகமில்லை. இதற்குத்தானே ஆயுதம்! எல்லோரும் மறுபுறம் திரும்பிய வேளை, பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து, பொதுக் கிண்ணத்தில் முழுவதையும் கொட்டிக் கலக்கினான். அப்போது கேற்றடியில் ஓர் ஒலி கேட்டது. கேட்டவன் குலைந்தான். மகாதேவியின் ஸ்கூற்றி!

எஞ்சியது ஒரே தாள். அதன் மேல் வீடு, உப்பு, காலை நித்திரை அனைத்தும். நனைத்தான், கதை சொல்லாமல் நனைத்தான். பரப்பினான். இரண்டே இறால் வைத்தான். மடிக்கத் தொடங்கியதும் தாள் கையில் ஒட்டி, இழுக்க இழுக்க நீண்டது. வியர்வை வழிந்தது. லான் அருகே வந்தாள்.

"அண்ணை, அதோடை சண்டை பிடிக்காதேங்கோ. கொஞ்சம் விடுங்கோ. அது தானா ஒட்டும்."

கையை எடுத்தான். முப்பத்தாறு வருடமாக எதையும் விட்டுக்கொடாத கை, அன்று அரைநிமிடம் சும்மா இருந்தது. தாள் அடங்கியது. மெல்ல உருட்டினான். சற்றே கோணல், ஒருபுறம் வல்லாரை மீசைபோல் நீட்டிக்கொண்டிருந்தது, ஆயினும் முழுதாய், உடையாததாய், ஒரு சுருள் பிறந்தது. இரு கைகளிலும் ஏந்திச் சென்று, கதிரையில் அமர்ந்திருந்த மகாதேவியின் கோப்பையில் வைத்தான். அவள் இருக்க அவன் பரிமாறியது அதுவே முதல்முறை. அதை அவன் அப்போதுதான் நினைத்தான், நினைத்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

அவள் அதைத் தண்ணிச்சம்பலில் தொட்டாள். கடித்தாள். மென்றாள். மென்றவள் நிறுத்தினாள்.

"இந்தச் சம்பலுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

"உம்மடை மிளகாய்த்தூள்தான்," என்றான் வெற்றிக்களிப்போடு.

"எந்தப் போத்தில்?"

"நீலமூடி."

"ஐயோ, அது மிளகாய்த்தூள் இல்லை! பிள்ளைக்கெண்டு இடிச்ச சரக்குத்தூள்!"

மகப்பேறு கண்ட பெண்ணின் உடல் தேற, மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்து, பத்தியக் கறிக்கென்று ரொறன்ரோவுக்குக் கட்டவிருந்த தூள் அது. லான் கிண்ணத்தை எடுத்து மணந்து பார்த்தாள். அவள் கண் கலங்கிச் சிரித்தது. "ஓம் அக்கா, இதுதான்! மகன் பிறந்தநேரம் மாமி எனக்கு நாப்பது நாளும் இதைத்தான் தந்தவா. அம்மா பக்கத்திலை இல்லையெண்டு அழுது அழுது சாப்பிட்டனான்." மகாதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் கனகசபாபதியைப் பார்த்து, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். நாலு சுருளை அந்தத் தூள் கலந்த சம்பலில் தோய்த்துத் தின்றிருந்த டீற்றருக்கு விஷயம் ஆங்கிலத்தில் விளக்கப்பட்டது. அவன் தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஐந்தாவதை எடுத்தான்.

சிரிப்பு அடங்கியது. நாயகன் தலை குனிந்து நின்றான். மிளகாய்த்தூளுக்கும் சரக்குத்தூளுக்கும் வேறுபாடு அறியாதவனுக்கு வீடேது? எனினும் மகாதேவி சொல் தவறாதவள். கோப்பையைக் காட்டினாள்; அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"உடையேல்லை," என்றாள். "வீட்டிலை இருங்கோ."

முழங்குக முரசு! ஊதுக சங்கு! அரியாலை அகன்றது, உப்பு மீண்டது! ஸ்கூற்றியின் பின்னிருக்கை அரியணையாக, கூம்புத் தொப்பி மணிமுடியாக, பலாலி வீதியில் பஸ்களும் ஓட்டோக்களும் வழிவிட, கோண்டாவில் கடந்து, உரும்பிராய் புகுந்து, தன் வாசற்படியில் வெற்றிக்கால் பதித்தான் கனகசபாபதி. இனி ஐந்து மாதம் தன் அடுக்களைக்குத் தானே வேந்தன் என எண்ணி மார்பு விம்மினான்.

மகாதேவி கதிரையில் சாய்ந்தாள். "இஞ்சாருங்கோ, கால் உளையுது. ஒரு பிளேன்ரீ ஊத்தித் தாங்கோ."

இதுவும் ஒரு பணியா! அசுரனை அடக்கிய கரத்தால் கேத்திலை நிரப்பினான், காஸ் அடுப்பில் ஏற்றினான், குமிழைத் திருகினான், லைற்றரை அழுத்தினான். தீ இல்லை. மற்றக் குமிழைத் திருகினான். தீ இல்லை. இரண்டையும் திருகி, பதினேழு முறை அழுத்தி, குனிந்து ஊதி, உரத்த குரலில் அடுப்பைக் கச்சேரித் தோரணையில் எச்சரித்தும் பார்த்தான். தீ இல்லை.

மகாதேவி எழுந்து வந்தாள். குமிழ்களை மூடினாள். மேசைக்குக் கீழே குனிந்து சிலிண்டரின் திறப்பைத் திருப்பினாள். பிறகு ஒரே அழுத்தில் நீலச்சுடர் பூத்தது.

கனகசபாபதியும் குனிந்து பார்த்தான். "உது எப்ப தொடக்கம் உங்கை கிடக்குது?" என்றான்.

"பதினெட்டு வருசமா," என்றாள் அவள், சிரிக்காமல். தேத்தண்ணியை அவளே ஊற்றினாள், அவனுக்கும் ஒன்று சேர்த்து. அதைக் குடித்து முடித்தபின் தொலைபேசியை எடுத்துத் தமையனாரை அழைத்தாள்.

இதை எழுதும் இன்றைக்கும் அரியாலையில் கறிக்கு உப்பில்லை.